பட்டில் ஒட்டும் மஞ்சள்

நாங்கள் விற்ற சந்தனத்தில் சந்தனம் இல்லை என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என்னை ஒன்றும் செய்யவில்லை. அதற்கு முன் நான் பார்த்த வேலைகளிலும் எந்தப் பொருளும் அதன் பெயருக்கு ஏற்றபடி இருந்ததில்லை. தடாவில் நெடுஞ்சாலை ஓட்டலில் முந்தின நாள் குருமாவை அடுத்த நாள் சாம்பாராக்கியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிச்சாட்டூர் ஏரிக்கரைப் பக்கத்து ஊரில் எங்களுக்கு நிலம் கிடையாது. நைனா செத்தபின் அங்கே இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. கால் போன பக்கம் போனேன். அப்படிப் போனதில்தான் திருப்பதியில் நின்றேன்.

திருப்பதியிலிருந்து சித்தூர் போகிற சாலையில், வீடுகள் முடிந்து மாந்தோப்பு ஆரம்பிக்கிற இடத்தில் அந்த ஷெட் இருந்தது. தகரக் கூரை, இரண்டு ஃபேன், ஆறு டிரம். முதலாளி சித்தூர்க்காரர். முன்பு துணி துவைக்கிற சோப்புக்கட்டி செய்தவர். அந்த வருடங்களில் ஊருக்கு ஊர் டி.வி. வந்தது. பெட்டிக்கடையில் பீடிக்கட்டும் வாழைப்பழமும் தொங்கிய கயிற்றில் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்தன. பெரிய கம்பெனிகள் செய்ததை எல்லாம் எங்கள் முதலாளியும் செய்தார். ஷாம்பு, முகப் பவுடர், தேங்காய் எண்ணெய் என்ற பெயரில் ஒரு எண்ணெய். ஆனால் அதிகம் ஓடியது சந்தனப் பாக்கெட்தான். மலையில் மொட்டை போட்டவர்கள் மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொள்வார்கள். வேண்டுதல் முடிந்ததற்கு அது அடையாளம். அந்தச் சந்தனத்தைக் கலக்கும் வேலை என்னுடையது.

கலப்பது எளிது. மாக்கல்லை அரைத்த வெள்ளைப் பொடி மூட்டையாக வரும். முகப் பவுடருக்கும் அதே மூட்டைதான். அதில் கொஞ்சம் மைதா, ஒரு கரண்டி மஞ்சள் சாயம். பிறகு ஒரு கேனிலிருந்து வாசனை. அதைத் தனியாக மோந்தால் மண்டை வலிக்கும். வாசனை சீக்கிரம் பறந்து போகாமல் இருக்க, மணமே இல்லாத, வழவழப்பான இன்னொரு எண்ணெய் உண்டு. அதை ஊற்றினால் பொடியில் சந்தன வாசனை ஒரு வருடம் நிற்கும். மண்வெட்டியால் புரட்டுவேன். தரையில் சிந்தியதை மாலையில் கூட்டி, பீடித் துண்டையும் தலைமுடியையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, மறுபடி மூட்டையில் சேர்ப்போம்.

ஷாம்புக்கு வேறு பக்குவம். கண்ணாடி மாதிரி, தேனைவிடக் கெட்டியாக ஒரு பசை பெரிய டிரம்மில் வரும். டிரம் மேலிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. சோடியம் லாரத் சல்பேட். நுரை முழுக்க அதனுடையது. அதே டிரம்மிலிருந்து எடுத்துத்தான் பாத்திரம் கழுவுகிற திரவமும் செய்தோம். அதற்குப் பச்சை நிறமும் எலுமிச்சை வாசனையும். ஷாம்புக்கு ஊதா நிறமும் ஏதோ பூவின் வாசனையும். பசையைத் தண்ணீரில் கரைத்தால் நீர்த்துவிடும். கெட்டியாக்கக் கல்லுப்பைப் போட வேண்டும்.

“சாம்பாருக்குக்கூட நான் இவ்ளோ உப்பு போட்டதில்லபா,” என்று பாக்கெட் ஒட்டுகிற அம்மா சொல்லும். அந்தம்மா ரேணிகுண்டா பக்கத்துக்காரி. வாய் ஓயாது. “இத தலையில ஊத்திக்கினு ஒருத்தி டி.வி.யில முடிய வீசிக்கினு சிரிக்கறா. கருவாடு ஊறுற மாதிரி ஊறிக் கெடக்குது அவ தலை.”

கெட்டுப்போகாமல் இருக்க ஒரு மூடி ஃபார்மலின். மூடியைத் திறந்தால் கண்ணில் நீர் கொட்டும். ஆஸ்பத்திரியில் பிணத்தை ஊறப்போடுகிற தண்ணீர் அது என்று அந்தம்மாதான் சொன்னது. நான் நம்பவில்லை. ஒருநாள் பத்து நாளாக மூடி வைத்திருந்த டிரம்மைக் கலக்கியபோது கழியில் ஒரு பல்லி சிக்கி மேலே வந்தது. அழுகவில்லை. ஊதவில்லை. கண் திறந்தபடி, வால் நுனிகூட உதிராமல், ஊதா நிறத்தில் பளபளவென்று இருந்தது. நான் ஓடிப்போய் மாமரத்தடியில் வாந்தி எடுத்தேன்.

முதலாளி வந்து பார்த்தார். “ஏம்பா, பல்லி வழுக்கி விழுந்து செத்துச்சா, ஷாம்பு போட்டுக்கினு செத்துச்சா? விழுந்துதான? அப்போ சரக்கு மேல இன்னா தப்பு? வடிகட்டு.”

பழைய வேட்டியில் வடிகட்டினோம். அன்று மாலை லாரியில் போயிற்று. முதலாளி வீட்டுக்கு மளிகை வாங்கிக் கொடுப்பது நான்தான். அவர் வீட்டுப் பட்டியலில் சீயக்காய்த்தூள்தான் இருக்கும்.

இதெல்லாம் அருவருப்பு. ஆனால் பயமில்லை. பயம் வந்தது சாய டின்னால்.

திருப்பதிக்கு வருவதற்கு ஐந்து வருடம் முன்பு நகரியில் ஒரு சாயப்பட்டறையில் ஒன்றரை வருடம் இருந்தேன். அங்கே ஒன்று கற்றுக்கொண்டேன். பருத்திக்குப் போடுகிற சாயம் வேறு, பட்டுக்குப் போடுகிற சாயம் வேறு. பட்டுச் சாயத்தைப் பருத்தியில் போட்டால் நாலு அலசலில் போய்விடும். பட்டில் போட்டுக் கொஞ்சம் புளிப்பு விட்டுச் சூடு காட்டினால், நூல் இற்றுப் போனாலும் நிறம் போகாது. பட்டு புழுவின் உடம்பிலிருந்து வருவது, அதனால்தான் என்று பட்டறைக்காரர் சொல்வார். ஆட்டு ரோமத்திலும் அந்தச் சாயம் அப்படியே பிடிக்கும்.

ஷெட்டில் சந்தனத்துக்குப் போட்ட மஞ்சள், நகரியில் நான் பட்டுக்குப் போட்ட அதே மஞ்சள். டின்னைப் பார்த்ததும் தெரிந்தது. ஆனால் அதன் பொருள் தெரிய நாலு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லுங்கியைத் துவைத்துக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க மஞ்சளில் புரண்ட லுங்கி இரண்டு அலசலில் வெள்ளையாகிவிட்டது. என் கையைப் பார்த்தேன். நகம், நகக்கண், உள்ளங்கை ரேகை, முழங்கை மயிர், எல்லாம் மஞ்சள். சாம்பலிட்டுத் தேய்த்தேன். செங்கல் தூள் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. லுங்கி பருத்தி. நான் பட்டு.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிசைந்தால் சோறு மஞ்சளாகும். காறித் துப்பினால் மஞ்சள். வியர்வையிலும் புளிப்பு உண்டு. வெயிலில் மலையேறி வந்து, கத்தி பட்ட தலையோடு, வியர்க்க வியர்க்க நிற்கிறவர்கள் மேல் இதைப் பூசுகிறார்கள். சாயப்பட்டறையில் பட்டுக்கு நாங்கள் செய்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. முன்பின் தெரியாத யாருடைய தலையோதானே என்று நினைத்து மண்வெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். 

மாதம் ஒருமுறை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அக்காவுக்குப் பேசுவேன். எனக்கிருந்த ஒரே உறவு அக்கா. நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. வீட்டுக்கு எதிரிலிருந்த மளிகைக் கடைக்குப் போன் போட்டால் கடைக்காரர் கூப்பிட்டு விடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அக்காவிடம் பெருமையடித்திருந்தேன். “சந்தனக் கம்பெனில கீறேன்க்கா. கலக்கறது முச்சூடும் நான்தான்,” என்று. நிலையில்லாமல் திரிந்தவன் ஒரு இடத்தில் நின்றுவிட்டான், அதுவும் சாமி காரியத்தில் என்று அக்கா அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தது.

அக்கா மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது, இன்னும் முதல் மொட்டை போடவில்லை. எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் முடி எடுப்பார்கள். மாமன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் காத்திருந்ததில் பிள்ளைக்கு முடி சடைபிடித்துவிட்டது. அக்காவை மாமியார் இடித்துக்கொண்டே இருந்தார்.

“வர்ற ஞாயித்துக்கெழம வர்றோம்டா,” என்றது அக்கா போனில். “துணிமணி எதுவும் வாணாம். நீ ஒக்காந்தா போதும். சந்தனம் மட்டும் ஒன் கையால எடுத்துக்கினு வா. மாமன் செஞ்ச சந்தனம்னு எங்க மாமியா வாய அடைக்கணும்.”

சொல்லியிருக்கலாம். பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் ஆள் நின்றான் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தப் பெருமையை இழக்க மனமில்லை. நான் போட்ட திட்டம் கோழையின் திட்டம். சந்தனத்தை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவது. திட்டு வாங்கினால் போயிற்று, பிள்ளை தலை தப்பிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைக்குப் பஸ்ஸில் போனோம். அக்கா, மாமா, அக்காவின் மாமியார், பிள்ளை, நான். பிள்ளைக்கு என்னை அதற்கு முன் தெரியாது. பஸ் வளைவில் திரும்பத் திரும்ப என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிறகு என் நகத்தைப் பார்த்து, “மாமா, மஞ்சா,” என்றது.

“சந்தனம்டி அது. மாமன் கையெல்லாம் சந்தனம்,” என்றது அக்கா. மாமியார் பக்கம் திரும்பிச் சொன்னது.

மொட்டை போடுகிற கூடத்தில் நாவிதர் முன்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலையை நனைத்ததும் அலறியது. முதலில் உடம்பை ஆட்டாமல்தான் அழுதது, பாதியில் திமிறிவிட்டது. காதுக்குப் பின்னால் இரண்டு இடத்தில் லேசாகக் கத்தி பட்டது. ரத்தம் முத்து முத்தாக வந்தது. முடி எல்லாம் போனபின் அந்தத் தலை என் உள்ளங்கைக்குள் அடங்கியது. அவ்வளவு மெல்லிய தோலை நான் அதற்கு முன் தொட்டதில்லை.

“எடு சந்தனத்த,” என்றார் மாமியார்.

“மறந்துட்டேன் அத்த.”

மாமியார் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். “கம்பெனியே ஒன் தம்பிதுன்ன. ஒரு துளி சந்தனத்துக்கு வக்கில்ல?”

அக்கா என்னை முறைத்தது. உடனே முகம் மாறி, கூடையில் கைவிட்டது. “இவன் மறப்பான்னு எனக்குத் தெரியாதா? கீழ பஸ் ஸ்டாண்டுலயே வாங்கிட்டேன். பாரு அத்த, கடக்காரன் கையில இவன் சொன்ன அதே பேரு போட்ட பாக்கெட்டு. இவன் கம்பெனி சரக்குதான்!”

எங்கள் பாக்கெட். மேலே சந்தனக் கட்டை படம். ஓரத்தில் ஒட்டு கோணலாக இருந்தது. எங்கள் மெஷின் எப்போதும் அப்படித்தான் கோணலாக ஒட்டும்.

“அத வெக்காதக்கா,” என்றேன்.

“ஏன்?”

“அது நல்லால்ல.”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். “இன்னா மச்சான், ஓட்டல்காரனே எங்க ஓட்டல்ல துன்னாதன்னு சொல்ற மாதிரி சொல்ற!”

“ரத்தம் வருது. சந்தனம் வெச்சா நின்னுரும்,” என்றபடி மாமியார் பொடியைக் கையில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தார். அக்கா முதல் விரலை என் கைக்குள் இருந்த தலையில் வைத்தது.  சுற்றி நாலு குடும்பம், எல்லாருக்கும் மஞ்சள் தலை, எல்லார் முகத்திலும் நிறைவு. இது மாக்கல், இது துணிச் சாயம் என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. காதுக்குப் பின்னால் காயத்தின் மேல் அப்பியபோது பிள்ளை ஒருமுறை விக்கியது. பிறகு கத்த ஆரம்பித்தது.

வெயில் ஏறியது. வரிசைக்குப் போகும் வழியில் மஞ்சள் கரைந்து பிள்ளையின் புருவத்தில் இறங்கி, கண்ணுக்குள் போனது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, மூச்சு நின்று நின்று அழுதது. அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். பின்னாலேயே வந்த மாமா, நான் ஏதோ குளிப்பாட்டப் போகிறேன் என்று நினைத்து, பையிலிருந்து ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து நீட்டினார். ஊதா நிறம். அதுவும் எங்களுடையது. அதைத் தூர எறிந்தேன். வேட்டி நுனியை நனைத்துத் துடைத்தேன், மறுபடி துடைத்தேன். மஞ்சள் தண்ணீர் என் காலைச் சுற்றி ஓடியது. வேட்டியை அலசினால் வெளுத்துவிட்டது. தலை வெளுக்கவில்லை.

அக்கா வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டது. “பாவி! சாமிக்கு வெச்சதக் கழுவிட்டியேடா! இன்னும் தரிசனம்கூட ஆவலடா!”

 பையிலிருந்த மிச்சப் பொடியைக் குழைத்து, மறுபடியும் பூசினார்கள்.

பத்து நாள் கழித்துப் போன் போட்டேன். கடைக்காரரே சொன்னார், பிள்ளைக்குத் தலையில் சேத்துப்புண் மாதிரி ஏதோ வந்திருக்கிறது என்று. அன்றைக்கே ரயில் ஏறி நகரி போனேன். தலை முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். உடைந்து, நீர் கசிந்து, ஓரத்தில் தோல் செதில் செதிலாக எழும்பியிருந்தது. ஈயை விசிறிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. டாக்டர் களிம்பு கொடுத்திருந்தார். புண்ணுக்குக் காரணம் என்ன என்பதில் வீட்டில் சந்தேகமே இல்லை. நான் சந்தனத்தைக் கழுவியது. சாமி குத்தம்.

அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். பையில் ஒரு பாக்கெட், வெள்ளைப் பட்டு நூல் ஒரு துண்டு, வெள்ளைப் பருத்தி நூல் ஒரு துண்டு. நகரியில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஒரு கிண்ணத்தில் பொடியைக் கரைத்து, ஒரு சொட்டு எலுமிச்சை விட்டு, அடுப்பில் சூடு காட்டி, இரண்டு நூலையும் போட்டேன். எடுத்து அலசினேன். பருத்தி வெளுத்தது. பட்டு, தங்கம் மாதிரி நின்றது.

“பாத்தியா மாமா? துணிக்குப் போடற சாயம். பட்டுல ஒட்டறது தோல்லயும் ஒட்டும். இதத்தான் பிள்ள தலையில வெச்சீங்க. இதுல சந்தனம் ஒரு சிட்டிக கெடையாது. நான்தான் கலக்கறேன், எனக்குத் தெரியாதா?”

மாமா பட்டு நூலை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். விரலில் சுற்றி இழுத்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். நிறம் போகவில்லை.

“மச்சான்,” என்றார் மரியாதையோடு. “எங்க ஓனர் வாங்கற மஞ்சா ரெண்டு அலசல்ல வுட்டுடுது. இது கெட்டி சாயம். எந்தக் கடையில கெடைக்குது?”

“அப்போ நல்ல சரக்குதான?” என்றார் மாமியார். “நல்லதா இருக்கப் போயித்தான் ஒட்டுது. மட்டமான சரக்கு ஒட்டுமா? கழுவுனதுதான் தப்பு.”

எனக்கு வந்த அருவருப்பு அவர்கள் மேல் இல்லை. தறி ஓட்டுகிறவர்களுக்கு, போகாத சாயம் நல்ல சாயம். வாழ்நாள் முழுக்க அதைத்தான் தேடினார்கள். அந்த வீட்டில் வைத்து நான் காட்டிய சாட்சி எனக்கே எதிராகப் போனது.  அக்கா மட்டும் கிண்ணத்தில் மிஞ்சிய மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அதை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டியது.

புண் ஆற ஒரு மாதம் ஆனது. முடி வந்தது, காதுக்குப் பின்னால் மட்டும் ஒரு திட்டில் வரவில்லை. நான் ஷெட்டை விட்டேன். நியாயத்துக்காக விட்டேன் என்று சொன்னால் பொய். எதைத் தின்றாலும் அந்த வாசனை மேலே வந்தது. தடாவுக்குப் போய் லாரிகளுக்கு டயர் மாற்றினேன். என் இடத்துக்கு வேறு ஆள் வந்திருப்பான். சரக்கு குறையவில்லை.

அக்காவுக்கு இரண்டாவது பெண் பிறந்து ஒரு வயதானபோது மறுபடி மலைக்குப் போனார்கள். எனக்குச் சொல்லி அனுப்பினார்கள், ஆனால் மடி எனக்கில்லை. கழுவின கை ஆகாது என்று மாமியார் சொல்லிவிட்டார். எங்கள் பெரியம்மா மகனை உட்கார வைத்தார்கள். நான் கூடையும் செருப்பும் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றேன். மொட்டை முடிந்ததும் பாக்கெட் வந்தது. சந்தனக் கட்டைப் படம், கோணல் ஒட்டு.

நான் குழாயடிக்குப் போனேன். ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்தேன். அதை என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பிடுங்கிக்கொண்டு ஓடுகிற உரிமை எனக்கு இல்லை. சும்மா நின்றேன். வருகிறவர், போகிறவர் எல்லாரும் மஞ்சள் தலையோடு போனார்கள். 

அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக வந்தது. பிள்ளைத் தலையில் மஞ்சள் ஈரமாக இருந்தது. அக்கா திரும்பிப் பார்த்தது. மாமியாரும் மாமாவும் தேங்காய்க் கடையில் நின்றார்கள்.

“இன்னாடா பாத்துக்கினு கீற? ஊத்து சீக்கிரம்.”

ஊற்றினேன். அக்கா தன் பருத்திப் புடவைத் தலைப்பால் அழுத்தி அழுத்தித் துடைத்தது. பூசிய உடனே என்பதால் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

“கேட்டா பிள்ள வாந்தி எடுத்துடுச்சின்னு சொல்லு,” என்றது.

“அன்னிக்கே நம்புனியாக்கா?”

“வாய மூடிக்கினு ஊத்துடா. காதுக்குப் பின்னால வுட்டுட்ட பாரு.”

இன்னொரு வாளி பிடிக்கத் திரும்பினேன். கால் வைத்த இடமெல்லாம் மஞ்சளாக ஓடியது.